எங்கள் டேங்கில் ஊற்றுவது என்ன?

கொள்கைப் பிரகடனம்

இந்த இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசியும் பெயரில் ஒத்துப்போக முடியவில்லை. புல்லட்காரர்கள் சொன்ன பெயர் எக்ஸ்எல்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. இளைஞர்கள் சொன்னது மெக்கானிக்குகளின் வாயில் நுழையவில்லை. பிள்ளை பிறந்துவிட்டது, பெயர் வைப்பது பிறகு நடக்கட்டும் என்று கொள்கையை முதலில் எழுத உட்கார்ந்துவிட்டோம்.

நாங்கள் யார் என்றால், பழைய இரு சக்கர வண்டி வைத்திருப்பவர்களும் அவற்றைப் பழுது பார்த்துப் பிழைப்பவர்களும். எங்களில் அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100ஐ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர் உண்டு. மைசூரில் கம்பெனி மூடிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் யெஸ்டியைக் கிக் அடித்துக் கிளப்புகிறவர் உண்டு. விடியற்காலையில் கீரைக்கட்டு ஏற்றிச் சந்தைக்குப் போகும் எக்ஸ்எல் சூப்பர்காரர்களும் உண்டு. இந்தப் பிரகடனம் முதலில் அவர்களுக்காகத்தான். ஆசைக்கு வண்டி வைத்திருப்பவருக்கு வண்டி நின்றால் வருத்தம். கீரைக்காரருக்கு வண்டி நின்றால் அன்றைய கீரை வாடிவிடும்.

எங்களைக் கூட்டியது ஒரு ரப்பர் வாஷர்.

மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஓட்டாமல் நின்ற வண்டி ஒன்று ஷெட்டுக்கு வந்தது. கிளப்பினால் கார்புரேட்டர் வழிந்து ஊற்றியது. பெட்ரோல் காக்கைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த நாலு துளை வாஷர் ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பிக் கிடந்தது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தனியாக ஒரு படலம் தண்ணீர். அதைச் சுற்றி அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. 'அண்ணே, போன வருஷம்தானே இந்தக் காக்கை மாத்தினோம்?' என்றார் வண்டிக்காரர். 'நீ காக்கைப் பார்க்கிற தம்பி, நான் பெட்ரோலைப் பார்க்கிறேன்' என்றார் மெக்கானிக் அண்ணன். அன்று ஷெட்டில் இருந்த நாலைந்து பேருக்கும் சொல்வதற்கு இதே போல ஒரு கதை இருந்தது.

நடந்தது என்ன என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது நம் நாட்டில் 2003இல் 5 சதவீதத்தோடு தொடங்கியது. 2022 ஜூனில் 10 சதவீதம் ஆயிற்று. 20 சதவீதக் கலவையான இ20 முதலில் 2023 பிப்ரவரியில் 84 பங்க்குகளில் மட்டும் விற்பனைக்கு வந்தது. 2030க்கு என்று முதலில் வைத்திருந்த 20 சதவீத இலக்கு 2025இலேயே எட்டப்பட்டுவிட்டது. இந்த வேகத்தைச் சாதனை என்று ஒப்புக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கமில்லை. ஆனால் பங்க் வேகமாக மாறியது, வண்டி மாறவில்லை. இ20ஐத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் உலோகமும் கொண்டு புது வண்டிகள் பரவலாக வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன்னால் விற்றவை எல்லாம் இன்னும் சாலையில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கும் இப்போது இதே தீனிதான்.

எத்தனாலுக்கு மூன்று குணம். ஒன்று, தண்ணீரை இழுக்கும். பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. எத்தனாலோ இரண்டோடும் ஒட்டும். டேங்க் மூடியில் காற்று போய்வர ஓட்டை உண்டு. ஐப்பசி கார்த்திகையில் அந்த வழியாகப் போகும் ஈரக்காற்றிலிருந்து எத்தனால் கொஞ்சம் கொஞ்சமாக நீரை வாங்கிக்கொள்ளும். ஓர் அளவுவரை கலந்தே இருக்கும். 10 சதவீதக் கலவையில் அந்த அளவு ஏறக்குறைய அரை சதவீதம். அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி. இ20 இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். தாங்காத நாளில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து, கனமாக இருப்பதால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காக்கை ரிசர்வுக்குத் திருப்பினால் கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடிச்சரக்குதான். இரும்பு டேங்க் உள்ளுக்குள்ளே துருப்பிடிப்பதும் அந்த அடித்தகட்டில்தான்.

இரண்டு, கரைக்கும். முப்பது வருடமாக டேங்க் சுவரில் படிந்த பிசினையும் துருவையும் கிளப்பிவிட்டு ஸ்லோ ஜெட்டில் கொண்டுபோய் அடைக்கும். மூன்று, எரியும்போது பெட்ரோல் அளவுக்குச் சூடு தராது. ஒரே அளவுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதோடு எரிவதற்குக் குறைந்த காற்றே போதும். பெட்ரோலுக்கு ஏற்றபடி ஜெட் வைத்த கார்புரேட்டரில் இதை ஊற்றினால் கலவை நீர்த்து எஞ்சின் சூடேறும். டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: நெடுஞ்சாலையில் முறுக்கிப் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்கிற அந்த ஒரு நொடி.

நாலாவதாகச் சொல்ல வேண்டியது பிளாஸ்டிக். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு முன்னால் இந்தச் சண்டையைப் போட்டவர்கள் பிளாஸ்டிக் டேங்க் வைத்திருந்த அமெரிக்கர்கள்.

2000களில் டுகாட்டி மான்ஸ்டர், மல்டிஸ்ட்ராடா, ஸ்போர்ட் கிளாசிக் என்று பல வண்டிகள் பிளாஸ்டிக் டேங்கோடு வந்தன. பார்க்க இரும்பு டேங்க் போலவே பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும். ஆனால் பொருள் நைலான். பெட்ரோல் ஆவி சுவர் வழியே கசிந்து வெளியேறுவதைச் சாதாரணப் பாலிஎத்திலீனைவிட நைலான் நன்றாகத் தடுக்கும். காற்றைக் கெடுக்காத டேங்க் என்ற நல்ல எண்ணத்தில் தேர்ந்தெடுக்கத் தகுந்த பொருள்தான். அதே சமயத்தில் கலிபோர்னியாவில் இன்னொரு நல்ல எண்ணம் சட்டமாகிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் கலந்து வந்து நிலத்தடி நீரைக் கெடுத்த எம்டிபிஇ என்ற சேர்மத்தை 2003 முடிவோடு தடை செய்து, அதன் இடத்தில் எத்தனாலைக் கொண்டுவந்தார்கள். நைலானோ தண்ணீரையும் சாராயத்தையும் உறிஞ்சி வீங்கும் பொருள். இரண்டு நல்ல எண்ணங்களும் ஒரே டேங்குக்குள் சந்தித்தபோது டேங்க் உப்பத் தொடங்கியது.

வீக்கம் கண்ணுக்குத் தெரியாமல்தான் ஆரம்பிக்கும். சர்வீசுக்கு டேங்கைத் தூக்கிய மெக்கானிக் திரும்ப வைக்கப் போனால், போல்ட் துளை சட்டத்தின் துளைக்கு நேராக வராது. அடுத்து ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் டேங்கில் போய் இடிக்கும். பெயின்ட் அலை அலையாக எழும்பும். டேங்கைக் காலியாக்கி, பம்பைக் கழற்றி, திறந்தபடி காய்ந்த இடத்தில் வாரக்கணக்கில் வைத்தால் கொஞ்சம் சுருங்கும். மறுபடி ஊற்றினால் மறுபடி வீங்கும். சிலர் காய்ந்த டேங்குக்குள் எபாக்ஸி பூசினார்கள். சிலர் கைக்காசைப் போட்டு அலுமினிய டேங்குக்கு மாறினார்கள். சிலர் ஒன்றுசேர்ந்து கலிபோர்னியாவில் கூட்டு வழக்குப் போட்டார்கள். அது உடன்பாட்டில் முடிந்து, டேங்குக்கான உத்தரவாதக் காலம் நீட்டிக்கப்பட்டது. பழைய படகு வைத்திருந்த அமெரிக்கர்கள் கதை இதைவிடக் கொடுமை: ஃபைபர்கிளாஸ் டேங்கின் ரெசின் எத்தனாலில் கரைந்து, கரும்பிசினாக எஞ்சின் வால்வில் போய் ஒட்டிக்கொண்டது. கஃபே ரேசர் ஆக்குகிறேன் என்று பழைய வண்டிக்கு ஃபைபர் டேங்க் செய்து மாட்டும் நம் தம்பிகள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பழைய வண்டிகளில் டேங்க் பெரும்பாலும் இரும்பு. எனவே நமக்கு டேங்க் வீங்காது. டேங்குக்குக் கீழே இருப்பதெல்லாம் வீங்கும். காக் வாஷர், பெட்ரோல் டியூப், கிண்ணத்து ஓ-ரிங், நீடில் முனை. ஒவ்வொன்றும் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சாமான். அதனால்தான் இங்கே யாரும் வாஷருக்காக வழக்குப் போடவில்லை. லட்சக்கணக்கில் விலை கொடுத்த வண்டியின் டேங்க் உப்பினால் அது செய்தி. கீரைக்காரரின் வாஷர் உப்பினால் அது அவர் தலையெழுத்து.

இதைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொள்ள மறுப்பதே எங்கள் கொள்கையின் தொடக்கம்.

நாங்கள் எத்தனாலுக்கு எதிரிகள் இல்லை. எங்கள் கூட்டத்தில் கரும்பு போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆலை பாக்கி வைத்த பணத்துக்காக வருடக்கணக்கில் நடந்தவர்களுக்கு எத்தனால் என்ற சொல் காதில் தேனாகத்தான் விழுகிறது. இறக்குமதி எண்ணெய் குறைய வேண்டும் என்பதிலும் எங்களுக்கு மறுப்பில்லை. ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் அறிக்கையே கணக்குச் சொல்கிறதே என்று டெல்டாக்கார உறுப்பினர் ஒருவர் எழுந்தார். அந்த வாக்குவாதம் டீ ஆறும்வரை நடந்து, முடிவில்லாமல் நின்றது. அதை இயக்கத்தின் கொள்கையாக எழுதும் அளவுக்கு எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, எழுதவில்லை.

எத்தனாலில் ஓடும் வண்டியைச் செய்ய முடியாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. பிரேசிலில் 2009இலேயே ஹோண்டா, பெட்ரோலையும் எத்தனாலையும் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் மோட்டார் சைக்கிளை விற்கத் தொடங்கியது. நம் ஓசூர் டிவிஎஸ் 2019 ஜூலையில் எத்தனாலில் ஓடும் அப்பாச்சியை அறிமுகம் செய்தது. வண்டி இருந்தது, அதற்கு ஊற்ற பங்க்கில் எத்தனால் இல்லை. இப்போது நிலைமை தலைகீழ்: பங்க்கில் எத்தனால் இருக்கிறது, அதற்கு ஏற்ற வண்டி பாதிப் பேரிடம் இல்லை. குதிரையையும் வண்டியையும் ஒரே நாளில் சந்தைக்குக் கொண்டுவர நம்மால் ஏனோ முடிவதில்லை.

எங்கள் வழக்கு ஒன்றே ஒன்று. விற்பவர் என்ன விற்கிறார் என்று சொல்ல வேண்டும். வாங்குபவருக்கு வேறொன்றை வாங்கவும் வழி இருக்க வேண்டும்.

இது புதுக் கோரிக்கை இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை நமக்கு எழுதியே கொடுத்திருக்கிறது. முடிந்த இடத்திலெல்லாம் பலவகைப் பொருள்களிலிருந்து தேர்ந்துகொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. 2021 ஜூனில் வந்த நிதி ஆயோக்கின் எத்தனால் செயல்திட்டம், பழைய வண்டிகளைக் காப்பதற்கு இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று சொன்னது. பழைய இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்றும், அதற்கு ஈடாக வரிச் சலுகையைப் பரிசீலிக்கலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு லிட்டர் போடுகிறவருக்கு வருடத்துக்கு 11 முதல் 15 லிட்டர் வீண். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 1,100 முதல் 1,500 ரூபாய். கீரைக்காரருக்கு அது இரண்டு டயர் வாங்குவதில் பாதிக்கு வரும். மைலேஜ் குறைந்தது, சலுகை வரவில்லை.

2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், அதற்குச் செலவு குறைவு என்று கூறப்பட்டது. ரப்பர் பாதிக்கப்படும் என்பதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. செலவு குறைவுதான். அந்தக் குறைந்த செலவை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கும் வழி வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. அதை மறைத்துவிட்டு ஆள் சேர்க்க எங்களுக்கு விருப்பமில்லை. நீதிமன்றக் கதவு இப்போதைக்குச் சாத்தியிருக்கிறது. பங்க் வாசல் திறந்துதான் இருக்கிறது. அங்கே நின்று கேட்கலாம்.

நாங்கள் கேட்பது இவை. ஒவ்வொரு பங்க்கிலும் ஒவ்வொரு குழாயின் மேலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில், தூரத்தில் நின்று படிக்கும் அளவில் எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018 அக்டோபர் முதல் குழாயில் ஒரு வட்டம், அதற்குள் இ5 அல்லது இ10 என்று போட்டுவிட்டார்கள். அதே குறி புது வண்டியின் டேங்க் மூடிப் பக்கமும் இருக்கும். நம் நாட்டிலும் வண்டி தாங்கும் கலவையை வண்டியில் ஸ்டிக்கராக ஒட்ட விதி இருக்கிறது. வண்டிக்கு நெற்றிப்பொட்டு, பங்க்குக்கு முக்காடு என்றால் பொருத்தம் பார்ப்பது எப்படி?

தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது இ10 கிடைக்க வேண்டும். பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10க்கு மாறியபோது பழைய வண்டிகளுக்காக இ5ஐத் தனிக் குழாயில் வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் 15 சதவீதக் கலவையை மோட்டார் சைக்கிளில் ஊற்ற இன்றுவரை சட்டப்படி அனுமதியில்லை. இங்கே எத்தனால் இல்லாத பெட்ரோல் வேண்டுமென்றால் பெரிய நகரங்களில் 100 ஆக்டேன் என்று விற்கிறார்கள். விலை ஒன்றரை மடங்கு. அதை ஊற்றிக் கீரை விற்றால் கீரைக்கட்டு யாருக்கும் கட்டுப்படியாகாது.

கம்பெனிகள் தங்கள் பழைய மாடல் ஒவ்வொன்றிலும் எத்தனால் தாங்காத பாகம் எது என்று பட்டியல் வெளியிட வேண்டும். தாங்கும் ரப்பரில் செய்த வாஷர், ஓ-ரிங், டியூபை ஒரே பொட்டலமாக நியாய விலைக்குக் கொடுக்க வேண்டும். விட்டான் என்ற ரப்பர் உலகத்துக்குப் புதியதில்லை, சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். எது விட்டான், எது விட்டான் என்று சொல்லி விற்கும் சாதா ரப்பர் என்பதுதான் குழப்பம்.

மற்றவர்களிடம் கேட்பது இவ்வளவே. எங்களிடம் நாங்களே கேட்பது இதைவிடக் கடினம்.

வண்டியில் வரும் எல்லா வியாதிக்கும் எத்தனாலைக் குற்றவாளி ஆக்க மாட்டோம். இது மெக்கானிக் உறுப்பினர்களுக்கு முதல் கட்டுப்பாடு. பத்து வருடம் மாற்றாத டியூப் வெடித்தால் அது வயசு. ஏர் ஃபில்டர் அடைத்து மைலேஜ் குறைந்தால் அது சோம்பல். 'எத்தனால்ண்ணே, என்ன பண்றது' என்று சொல்லி எஞ்சினைப் பிரித்துக் காசு பார்ப்பவருக்கு இயக்கத்தில் இடமில்லை. கழற்றிய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். வீங்கிய வாஷரைப் புதுசோடு பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ, கிலோமீட்டர், எந்த மாதம், வண்டி எத்தனை நாள் நின்றது: இதை ஷெட்டில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். நூறு ஷெட்டில் நூறு நோட்டு சேர்ந்தால் அடுத்த முறை அமைச்சகத்துக்கு எழுதும்போது நம் கையில் புலம்பல் இருக்காது, கணக்கு இருக்கும்.

வண்டிக்காரர்களுக்கும் சிலது. இரும்பு டேங்க் வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி வையுங்கள். ஈரக்காற்றுக்கு உள்ளே இடமிருக்காது. பிளாஸ்டிக் டேங்க் என்றால் நேரெதிர்: வடித்து, உலர்த்தி, காலியாக வையுங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்து அழிந்த டேங்குகளைப் பார்த்திருக்கிறோம். நிறுத்தும் முன் காக்கை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். டேங்க் உள்ளே பூசும் கெமிக்கல் வாங்கினால் எத்தனால் தாங்குமா என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாததைப் பூசினால் ஆறு மாதத்தில் தோல் உரிந்து ஜெட்டுக்கு வரும். ஒழுகும் டேங்குக்குச் சோப்புத் தேய்ப்பது வீடு போய்ச் சேரும்வரைதான் வைத்தியம். டூ-ஸ்ட்ரோக்காரர்கள் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் பார்த்து, பிளக் நிறத்தைப் பார்த்து முடிவெடுங்கள். வெளுத்திருந்தால் மறுபடி ஷெட்டுக்கு வாருங்கள்.

இயக்கத்தின் முதல் வேலை ஒரு சோதனை. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீர், அதன் மேல் 80 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியை ஒரு முறை மெல்லத் திறந்து ஆவியை விட்டு, ஐந்து நிமிடம் நிமிர்த்தி வைத்தால் எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். கீழ்ப்படலம் 20லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 பக்கம் வந்தால் இ10. 36ஐத் தொட்டால் இ20. ஆய்வகத் துல்லியம் வராது, ஆனால் கண்ணால் பார்க்கலாம். திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல், செல்போனைப் பையில் போட்டுவிட்டுச் செய்ய வேண்டும். பங்க் ஊழியரோடு சண்டைக்குப் போகக் கூடாது. வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் குழாயில் என்ன வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. சோதித்ததை ஊர், தேதி, அளவோடு நோட்டில் எழுதினால் போதும்.

சந்தா இல்லை, தலைவர் இல்லை. நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒருவரும், டீக்குக் கணக்குப் பார்க்க ஒருவரும் இருக்கிறார்கள். வண்டியின் வயது, கம்பெனி, சிசி எதிலும் பேதமில்லை. புது வண்டிக்காரர்களும் வரலாம். அடுத்த கலவை எத்தனை சதவீதம் என்று பேச்சு அடிபடும்போது அவர்களும் பழைய வண்டிக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷெட்டில் கூடுகிறோம். வரும்போது உங்கள் ஊர் பங்க்கில் பிடித்த 100 மில்லி பெட்ரோலை மூடி இறுக்கிய கண்ணாடி பாட்டிலில், பங்க் எது என்று எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். தண்ணீர் பாட்டிலில் வேண்டாம். போன வாரம் ஒருவர் தாகத்தில் எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். கழற்றிப் போட்ட வாஷர் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அளவுக்குழாய் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. இரவல் வாங்கியது, உடைத்துவிடாதீர்கள்.